மாஸ்டருக்கு மாலை போடுவதற்கு முன்

1

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மலாக்காத் தமிழர் சங்கம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காஜா பேராங்கில் எங்கள் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை, சந்துக்குள் சந்து. வியர்த்து வந்து உட்கார்ந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுப் பெரியவர் விஷயத்துக்கு வந்தார்.

“சுதந்திர தினத்தன்னிக்கு மாஸ்டருக்குப் பாராட்டு விழா வச்சிருக்கோம்மா. மலர் ஒண்ணும் போடுறோம். அவரோட மொத வகுப்புல படிச்சவங்கள்ல எழுத வர்றவங்க நீங்கதான் இங்க இருக்கீங்க. மூணு பக்கம் எழுதிக் குடுங்க.”

எந்த மாஸ்டர் என்று நான் கேட்கவில்லை. மலாக்காவில் மாஸ்டர் என்றால் தணிகாசலம் மாஸ்டர்தான். மலாய் தெரியாத தமிழர்களுக்காக அவர் எழுதிய பாடப் புத்தகம் இன்று கோலாலம்பூரில் அச்சாகிச் சிங்கப்பூர் வரைக்கும் போகிறது. அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு இந்த நாட்டின் பிரஜா உரிமை கிடைத்திருக்காது. இதில் மிகை எதுவும் இல்லை.

“காமாட்சியக் கேட்டீங்களா?” என்றேன்.

“எந்தக் காமாட்சி?” என்றார் இளையவர். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. பெரியவர் காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதெல்லாம் அவரோட சொந்த விஷயம்மா,” என்றார் பிறகு. “நாம அவரு வேலைக்கில்ல மாலை போடுறோம்.”

என் கணவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பதினோரு வயதாகும் என் மகள் செல்வி கதவருகில் நின்று, பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாக, “யாரும்மா? எங்க ஸ்கூல் லைப்ரரியில அவரு புக்கு இருக்கு,” என்றாள். எழுதித் தருகிறேன் என்று சொல்லி வந்தவர்களை அனுப்பினேன்.

எழுதியும் கொடுத்தேன். அது மலரில் வரவில்லை. ஆகவே கடலுக்கு அப்பால் நம் ஊரில் இருக்கிற உங்களுக்கு முதலிலிருந்து எழுதுகிறேன்.

2

மாயவரத்தில் என்னை வாயாடி என்பார்கள். கடைத்தெருவில் என்னோடு பேரம் பேச வியாபாரிகள் யோசிப்பார்கள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள், பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு என்னைத்தான் நிறுத்துவார்கள். அப்படிப்பட்டவள் கல்யாணமாகிக் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தபோது, தெங்கேராவிலிருந்து கூடையோடு வரும் மீன்காரி என்னைப் பிறவி ஊமை என்று நினைத்துக்கொண்டாள். கையைக் காட்டுவேன், தலையை ஆட்டுவேன். வேறொன்றும் வராது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியதுபோல் இருந்தது.

முதலில் என்னோடு பேச்சுக் கொடுத்தவள் காமாட்சி. இரண்டு சந்து தள்ளி அவள் வீடு. அவள் மலாக்கா செட்டி வம்சம். பெயரைக் கேட்டுக் காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள், இவர்கள் வேறு. எத்தனையோ தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்டவர்கள். நெற்றியில் விபூதி இருக்கும், வாசலில் மாவிலை இருக்கும், மாரியம்மனுக்கு விழா எடுப்பார்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். தமிழில் சாமி பெயரும் சில சாமான் பெயரும்தான் தெரியும். நம்மவர்கள் அவர்களைத் தமிழ் தெரியாத தமிழர்கள் என்று கேலி செய்வார்கள். தமிழ் மட்டும் தெரிந்த நம்மைப் பார்த்து அவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

வந்த புதிதில் ஒருநாள் காமாட்சி வேலியோரம் நின்று “மாரி சினி, மாரி சினி” என்று என்னைக் கூப்பிட்டாள். அம்மன் பூசைக்குச் சீனி கேட்கிறாள் என்று எண்ணி உள்ளே ஓடி ஒரு கிண்ணம் சர்க்கரையைக் கொண்டுபோய் நீட்டினேன். “இங்கே வா” என்பதுதான் அதற்கு அர்த்தம். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னைவிட மூத்தவள் என்பதால் தன்னைக் காக்கா என்று கூப்பிடச் சொன்னாள். மலாயில் காக்கா என்றால் அக்கா. அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அவள் கணவர்தான் தணிகாசலம் மாஸ்டர். வேலூர்ப் பக்கத்துக்காரர், வக்கீல் ஆபீஸ் ஒன்றில் துபாஷ், அதாவது மொழிபெயர்க்கிற வேலை. பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை. மாஸ்டர் என்ற பெயர் பின்னால் வந்தது. காமாட்சியின் தாயார் வீட்டில் வாடகைக்கு இருக்க வந்தவர், அவளையே கல்யாணம் செய்துகொண்டார். தாயார் காலமானபின் வீடு மகளுக்கு வந்தது. குழந்தை இல்லை.

3

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயம் எங்களுக்கெல்லாம் ஒரே பீதி. கொடி ஏற்றியதைப் பார்த்துக் கைதட்டினோம். வீட்டுக்கு வந்ததும் நாம் இனி யார் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். பிரஜா உரிமை இல்லாதவனுக்கு வேலை இருக்காது, கப்பலேற்றி விடுவார்கள் என்று பசாரில் தினம் ஒரு பேச்சு. மனுப் போட வேண்டும்; இத்தனை வருஷம் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும்; அதிகாரி முன்னால் உட்கார்ந்து மலாயில் பதில் சொல்ல வேண்டும். மனுப் போட்டவர் நன்னடத்தை உள்ளவர் என்று, அவரைத் தெரிந்த மனிதர் ஒருவர் கையெழுத்தும் போட வேண்டும். என் கணவர் ஆற்றோரத்து மளிகை மொத்தக் கடையில் கணக்கர். எண் எல்லாம் மலாயில் சொல்வார். அதற்குமேல் ஒரு வாக்கியம் வராது.

அப்போதுதான் மாஸ்டர் வகுப்புத் தொடங்கினார். காரைக்குடிப் பக்கத்துச் சாத்தப்ப செட்டியார் தம்முடைய வட்டிக்கடைக் கிட்டங்கியில் பின்கட்டுக் கூடத்தைக் கொடுத்தார். முதல் நாள் வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தமிழே எழுதத் தெரியாது. ரோட்டு வேலை பார்க்கும் முனியாண்டி இருந்தார். கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, பசாரில் கீரை விற்க வந்த பாப்பாத்தி இருந்தாள். எல்லோரும் வாசலுக்குப் பக்கத்திலேயே நெருக்கி உட்கார்ந்தோம்.

மாஸ்டர் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. “உங்களுக்கு மலாய் ஏற்கெனவே தெரியும்,” என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். “கடைக்கு மலாயில என்ன? கெடாய். பெட்டிக்கு? பெத்தி. கப்பலுக்கு? காப்பால். புக்கிட் காதில்னு ஊர்ப் பேரு தினம் சொல்றீங்களே, காதில்னா என்ன? நம்ம கட்டில். மாம்பழத்துக்கு மெம்பெலாம். இதெல்லாம் நம்ம ஆளுங்க முன்னாடியே கொண்டாந்து குடுத்தது. மிச்சத்தை அவங்ககிட்ட வாங்கிக்கப் போறோம், அவ்வளவுதான்.”

முனியாண்டி “கெடாய், பெத்தி” என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பயம் போய்விட்டது. அதைச் செய்தவர் மாஸ்டர். வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது.

பிறகு வந்த பாடங்களும் அப்படித்தான். வந்தான், வந்தாள், வந்தது என்று நாம் அடுக்குவதற்கெல்லாம் மலாயில் ஒரே சொல் போதும் என்று சொல்லிக் கொடுத்தபோது, “அட, இம்புட்டுத்தானா,” என்றாள் பாப்பாத்தி. புக்குல் என்றால் அடி. கடிகாரம் அடிப்பதால் மணிக்கும் அதே சொல் என்றார். அதன்பின் யாருக்கும் அது மறக்கவில்லை. உடம்பின் உறுப்புகள், வீட்டுச் சாமான், போவது, வருவது, தூங்குவது. என் கையெழுத்து நன்றாக இருந்ததால் பாடங்களை ஸ்டென்ஸிலில் வெட்டுவது என் வேலை. செட்டியார் கிட்டங்கியிலிருந்த சைக்ளோஸ்டைல் மெஷினில் சுற்றி எடுத்துத் தைத்துக் கொடுத்தோம். யாராவது தமக்குப் புரியாததைச் சொன்னால் மாஸ்டர் அடுத்த பிரதியில் திருத்திவிடுவார். எஸ்டேட்டுகளுக்குப் போன பிரதிகளை அங்கே வேறு யாரோ கையால் எழுதிப் பெருக்கினார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பரவட்டும் என்றார். தெரிந்த மனிதர் கையெழுத்துக்கும் நாங்கள் அவரிடமே போனோம். எங்களில் பலருக்கு நன்னடத்தைச் சாட்சி அவர்தான்.

சில ஞாயிறுகளில் காமாட்சியும் வந்து ஓரமாக உட்கார்வாள். ஒரு தடவை மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. ஏன் என்று கேட்டேன். கிணற்றடி வழுக்கு என்று கையால் காட்டினாள். எங்கள் கிணற்றடியும் வழுக்கும்தான்.

4

அதிகாரி முன்னால் நாங்கள் போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் மாஸ்டர் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்து, ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினோம். காமாட்சி நின்றாள். காலில் செருப்பில்லை. இடது காதை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள்; விரலிடுக்கில் இரத்தம் கழுத்துவரை இறங்கியிருந்தது. கண் என்னைத் தேடியது.

நான் எழுந்திருப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள். மெதுவாகத்தான் பேசினாள், அழவில்லை.

“டியா புக்குல் சாயா. தெலிங்கா சாயா தா டெங்கார்.”

மாஸ்டர் சாக்கட்டியைக் கீழே வைத்தார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. கோர்ட்டில் மொழிபெயர்க்கிற அதே குரல்.

“கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டாளாம். காதுல அடிபட்டிருக்கு. தங்கச்சி, கொஞ்சம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மத்தவங்க உக்காருங்க, பாடத்தப் பாப்போம்.”

யாரும் உட்காரவில்லை. அவள் சொன்னது எனக்கு முழுவதும் புரிந்திருந்தது. சுற்றிலும் பார்த்தேன். முனியாண்டிக்குப் புரிந்திருந்தது. என் கணவருக்குப் புரிந்திருந்தது. ஒரு வருஷத்துக்கு முன் அவள் அதே வாசலில் அதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் நாங்கள் மாஸ்டர் முகத்தைப் பார்த்து, ஐயோ பாவம், விழுந்துவிட்டாள் என்றிருப்போம்.

பாப்பாத்திதான் பேசினாள்.

“இல்ல மாஸ்டர். விழுந்தேன்னு அது சொல்லல. புக்குல்னு சொன்னுச்சு. புக்குல்னா அடிக்கிறது. டியான்னா அவரு. காது கேக்கலங்குது. நீங்கதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க.”

மாஸ்டரின் முகம் மாறியது. “இது என் வீட்டு விஷயம்,” என்றார். “யாரும் தலையிட வேண்டாம். அடுத்த வாரம் ஆபீசுக்குப் போகணுமா வேணாமா? என் கையெழுத்து வேணுமா வேணாமா? அதை யோசிச்சுக்குங்க.” குடையை எடுத்துக்கொண்டு எங்கள் நடுவே நடந்து வெளியே போனார். வாசலில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

5

காமாட்சியை உள்ளே உட்கார வைத்து, முந்தானையை நனைத்துக் காதைத் துடைத்தேன். என் கணவர் போலீசுக்குப் போகலாம் என்றார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். தகவல் கேட்டுச் செட்டியார் முன்கட்டிலிருந்து வந்தார். அதன்பின் கூடத்தில் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

செட்டியார் கெட்டவரில்லை. அவர் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது. “அவன் செஞ்சது அக்கிரமம். அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல,” என்றார். “ஆனா புத்தகம் என்ன செஞ்சது? மருந்து குடுத்த வைத்தியன் அயோக்கியன்னா மருந்தத் துப்பிருவீகளா?”

“மருந்தத் துப்ப வேணாம்,” என்றாள் பாப்பாத்தி. “வைத்தியனுக்கு ஏன் இன்னமும் கும்பிடுன்னு கேக்குறேன்.”

“கும்பிடு இல்லாம கையெழுத்து எங்கேருந்து வரும்?” என்றார் என் கணவர். அவர் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் பயத்தில்தான் கேட்டார்.

“எனக்கு வேல போயிரும்லா,” என்று முனியாண்டி தரையைப் பார்த்துச் சொன்னார். “ஆனா இனி அவரு மூஞ்சியப் பாத்து அபா காபார்னு சொகம் விசாரிக்க எனக்கு வாய் வராது.”

சோதனை முடியும்வரை பொறுத்திருந்து பிறகு அவரை விலக்கிவிடலாம் என்றார் ஒருவர். புத்தக அட்டையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடலாம் என்றார் இன்னொருவர். உழைத்து எழுதியவனின் பெயரை எடுப்பது திருட்டு என்று செட்டியார் மறுத்தார். பெயரை வைத்தால் நாமும் அதற்கு உடந்தை என்று நான் சொன்னேன். பேச்சுப் போட்டியில் பேசியவள் அல்லவா, நன்றாகவே பேசினேன். வெளியே இருட்டத் தொடங்கியது. நாங்கள் அட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

காமாட்சி என் கையைத் தொட்டாள். எல்லோரும் என்ன சொல்கிறார்கள் என்று மலாயில் கேட்டாள். புத்தகத்திலிருந்து அவர் பெயரை எடுப்பதா, விடுவதா என்று பேசுகிறார்கள் என்றேன்.

“நாமா?” என்றாள். பெயரா? எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, எல்லோருக்கும் தெரிந்த வார்த்தைகளில் கேட்டாள்.

“சாயா திடோர் மானா?”

நான் எங்கே தூங்குவது?

செட்டியார் கையிலிருந்த புத்தகத்தைப் பெஞ்சில் வைத்தார். அதன்பின் பெயரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

“எங்க வீட்டுக்கு வாங்க, காக்கா,” என்றேன். அவள் மறுத்துவிட்டாள். வீடு அவளுடையது. அவள் ஏன் வெளியே போக வேண்டும்? அதை அவள் சொன்னபிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அதுவரை அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

எல்லோருமாக நடந்தோம். காஜா பேராங் சாலையில் அவ்வளவு பேர் சேர்ந்து போவதைப் பார்த்துச் சீனத்துக் கடைக்காரர் வெளியே வந்து நின்றார். மாஸ்டர் வீட்டுக்குள் விளக்கேற்றி, சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்வு நாற்காலியில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து வாசலுக்கு வந்தார். “என்ன, ஊர்வலமா?” என்றார். சிரிக்க முயன்றார்.

காமாட்சி படியேறிப் போய் அவருக்கு முன்னால் நின்றாள். “இனி ரூமா சாயா. கெலுவார்.” இது என் வீடு. வெளியே போ.

அவர் அவளைப் பார்க்காமல் எங்களிடம் தமிழில் பேசினார். “நீங்கள்லாம் எனக்கு எவ்வளவு கடன்பட்டவங்கன்னு மறந்துடாதீங்க. நான் இல்லேன்னா நாளைக்கே உங்களக் கப்பல்ல ஏத்துவான்.”

“ஏத்தட்டும்,” என்றார் முனியாண்டி. “இப்ப நீங்க எறங்குங்க.”

மாஸ்டர் கை ஓங்கினார். யாரை நோக்கி என்று தெரியவில்லை. காமாட்சி பின்வாங்காமல் நின்றாள். ஓங்கிய கை சற்று நேரம் அப்படியே இருந்து தாழ்ந்தது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை அவரால் செய்ய முடியவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். துணிமணியை முனியாண்டி கட்டிக் கொண்டுவந்து சாலையில் வைத்தார். மாஸ்டர் அதைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிற்கும் பக்கம் நடந்தார்.

6

மாஸ்டர் சொன்னதைச் செய்தார். ஆபீசுக்குப் போய்த் தம் கையெழுத்துகளை வாபஸ் வாங்கிக்கொண்டார். எங்கள் மனுக்கள் நின்றுபோயின. ஆபீஸ் கிளார்க் எங்களைக் கூப்பிட்டு, இந்த ஊரில் வேறு யாருக்கு உங்களைத் தெரியும், அவரைக் கூட்டி வாருங்கள் என்றார். வீட்டுக்கு வந்து என் கணவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மாயவரத்துக்குத் திரும்பிப் போக வேண்டி வந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே சோறு பொங்கினேன். அங்கே என்னை யாருக்கு நினைவிருக்கும்? அப்போதுதான் பேசப் பழகிக்கொண்டிருந்த செல்விக்கு அங்கே என்ன மொழியில் விளையாட்டு?

காமாட்சியின் தாய்மாமன் ஒருவர் செட்டிகள் குடியிருப்பில் இருந்தார். ஊரில் மரியாதையுள்ள மனிதர். தமிழில் அவருக்குச் சாமி பெயரைத் தவிர ஒன்றும் வராது. அவரிடம் எங்களை அழைத்துப் போனாள். அவர் பாயில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் விசாரித்தார்: என்ன வேலை, எத்தனை பிள்ளை, குடிப்பாயா, மனைவியை அடிப்பாயா? எல்லாம் மலாயில். அரசாங்கச் சோதனையைவிட இது கடினமாக இருந்தது. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது ஆண்களுடைய மனைவிமார் முகத்தையும் பார்த்துக்கொண்டார். பிறகுதான் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார். இத்தனை நாள் நாங்கள் கேலி செய்த மக்களின் சாட்சியத்தில்தான் நாங்கள் இந்த நாட்டுப் பிரஜைகளானோம்.

வகுப்பு நிற்கவில்லை. மாஸ்டர் இடத்தில் காமாட்சி வந்து உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுக்க அவளுக்குத் தெரியாது. பேசுவாள், எங்களைப் பேச வைப்பாள். புரியாதபோது நாங்கள் புத்தகத்தைப் புரட்டுவோம். அட்டையைப் புதிதாக, பெயரில்லாமல் ஸ்டென்ஸில் வெட்டி அவளிடம் பெருமையாகக் காட்டினேன்.

பெயரை ஏன் எடுத்தாய் என்று கேட்டாள். எழுத்துத் தெரியாதவள்தான், ஆனால் அந்த இடம் வெறுமையாக இருப்பது தெரிந்துவிட்டது.

“அவர் உங்களை அடிச்சாரே, காக்கா,” என்றேன்.

“புக்கு தா புக்குல் சாயா,” என்றாள். புத்தகம் என்னை அடிக்கவில்லையே. அவள் மேலும் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “அவர்தான் அடித்தார். அவர்தான் எழுதினார். பெயர் இருக்கட்டும். நீ எடுத்துவிட்டால், இதை எழுதிய கைதான் என் காதைக் கெடுத்தது என்று நாளைக்கு நான் சொன்னால் யார் நம்புவார்கள்?”

பழைய அட்டையையே வைத்தோம்.

சோதனையில் பாப்பாத்தி முதல் தடவையே தேறினாள். முனியாண்டி தேறினார், என் கணவரும் தேறினார். நான் தோற்றேன். இன்று காலை என்ன சமைத்தாய் என்று அதிகாரி சாதாரணமாகக் கேட்டார்; இலக்கணம் யோசித்து யோசித்து வாய் அடைத்துப்போயிற்று. இரண்டாம் முறைதான் தேறினேன். காமாட்சிக்கு இடது காதில் கேட்கும் திறன் திரும்ப வரவில்லை.

மாஸ்டர் கோலாலம்பூருக்குப் போனார் என்று கேள்விப்பட்டோம். அங்கே புத்தகம் அச்சாயிற்று. அங்கே எங்கள் ஊர்க் கதை யாருக்கும் தெரியாது; தெரிந்தவர்களும் அது வேறு, இது வேறு என்றார்கள்.

7

மலருக்கு மூன்று பக்கம் எழுதினேன். முதல் வகுப்பில் கெடாய், பெத்தி என்று சொல்லி அவர் எங்கள் பயத்தைப் போக்கியதை மனதார எழுதினேன். கடைசியில் இரண்டு வாக்கியம்: அவர் தம் மனைவியின் காதை அடித்துச் செவிடாக்கினார். அவர் மனைவி காமாட்சி காஜா பேராங்கில் இருக்கிறார். சங்கத்துப் பெரியவர் அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் கோடு போட்டு அடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார். அவை இல்லாமல் போட வேண்டாம் என்று முழுவதையும் நானே வைத்துக்கொண்டேன்.

விழாவைப் பற்றிக் காமாட்சியிடம் சொல்லாமல் இருக்க எனக்கு மனமில்லை. சொன்னேன். விழா நாளன்று சாயங்காலம் நல்ல கெபாயாச் சட்டை போட்டு, கொண்டையில் பூ வைத்து எங்கள் வாசலில் வந்து நின்றாள். “மாரி,” என்றாள். வா. செல்வியும் கூட வருவேன் என்றாள். என் கணவர் கதவைப் பூட்டிக்கொண்டு எங்களோடு நடந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். நல்ல காது என் பக்கம் வரும்படி அவளை எனக்கு இடப்புறம் உட்கார வைத்தேன். மாஸ்டருக்குத் தலை நரைத்திருந்தது, உடம்பு வற்றியிருந்தது. பேச எழுந்ததும் மலாயில் ஆரம்பித்தார். இது இப்போது நம் தேசிய மொழி, அதில்தான் முதலில் பேச வேண்டும் என்றார். எவ்வளவு அழகாகப் பேசினார் என்பதை மறைக்க மாட்டேன். சபை சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே கண்ணை ஓட்டியபோது காமாட்சியைப் பார்த்தார்.

நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். “ஆனாலும் தமிழர்கள் கூடிய சபை. தமிழில் பேசுவதுதான் மரியாதை,” என்று சொல்லித் தமிழுக்கு மாறினார்.

எத்தனை பேருக்கு அது விளங்கியிருக்கும் என்று தெரியாது. எனக்கு விளங்கியது. காமாட்சி என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். நான் அவர் பேசியதை வாக்கியம் வாக்கியமாக மலாயில் சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்குக் கேட்க வேண்டும் என்றால் உரக்கத்தான் சொல்ல வேண்டும். முன்வரிசைத் தலைகள் திரும்பின. பெரியவர் குனிந்தபடி ஓடிவந்தார்.

“அம்மா, கொஞ்சம் மெதுவா.”

“இவங்களுக்கு ஒரு காது கேக்காதுங்க,” என்றேன். “ஏன் கேக்கலன்னு மாஸ்டரக் கேளுங்க.”

அவர் போய்விட்டார். மாஸ்டர் வேகமாகப் பேசினார், நானும் விடவில்லை. முடிக்கும்போது அவர் சொன்னார்: “இந்தப் பணியில் நான் வெற்றி பெற்றதற்குக் காரணம், என் இல்லத்தில் எனக்குக் கிடைத்த அன்பும் அமைதியும்.”

அதையும் சொன்னேன். அன்பு, அமைதி, இரண்டுக்கும் சரியான சொல்லைத் தேடிச் சொன்னேன்.

காமாட்சி எழுந்து நின்றாள். மேடையைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாள்.

“போஹோங்.”

பொய். அந்தச் சொல் மாஸ்டருடைய புத்தகத்தில் எங்கும் இல்லை. ஆனால் மண்டபத்தில் அது புரியாதவர் ஒருவரும் இல்லை. மாஸ்டர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காமாட்சி என் தோளைத் தொட்டாள். போதும், போகலாம் என்றாள். நாங்கள் நால்வரும் நடு வழியாக நடந்து வெளியே வந்தோம். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. தெருவுக்கு வந்தபோது உள்ளே கைதட்டும் சத்தம் கேட்டது. மாலை போட்டிருப்பார்கள்.

காமாட்சி நின்றாள். நல்ல காதை மண்டபத்தின் பக்கம் திருப்பினாள். “ராமாய்?” என்று கேட்டாள். நிறையப் பேர் தட்டுகிறார்களா?

செல்வி தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். “தா ராமாய்,” என்றாள். இல்லை, நிறையப் பேர் இல்லை.

பெரியவளின் மனம் நோகக் கூடாது என்று பிள்ளை சொல்கிறாளோ என்று நானும் நின்று கேட்டேன். அவள் சொன்னது உண்மைதான். கைகள் அங்கே ஒன்று, இங்கே ஒன்றாகத்தான் தட்டிக்கொண்டிருந்தன.